கலண்டரில் சிவப்பாக இருக்கும் நாட்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஹட்டன் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8 பிள்ளைகளுக்கு வரலாறும் குடியுரிமைக் கல்வியும் படிப்பிக்கிறேன். எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு நகைக்கடைக் கலண்டர் தொங்குகிறது. ஆளுக்கொரு விடுமுறை நாளை எடுத்து, அது ஏன் விடுமுறை, எப்போதிருந்து விடுமுறை, அன்று உங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) என்ன நடக்கும் என்று எழுதி வரச் சொன்னேன்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நத்தாருக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். முறுக்கு சுடுவதிலிருந்து தீபாவளி அட்வான்ஸ் வரை எல்லாம் இருக்கிறது. போயா என்ற முழுநிலா விடுமுறை நாட்களை எடுத்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரி: "பௌத்தர்களின் நாள், சாராயக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு." வருடத்தில் பன்னிரண்டு தடவை வீட்டில் இருக்கிறார்கள், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

பெப்ரவரி 4ஐ எடுத்த பிள்ளை கொப்பியை வெறுமையாகவே கொண்டு வந்தாள். "டீச்சர், சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம்தான் நம்ம ஆளுங்க குடியுரிமை போச்சுன்னு அப்பாயி சொல்லுது. அப்போ நான் என்ன எழுத?" என்று கேட்டாள். அடுத்த கிழமை சொல்கிறேன் என்றேன்.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். சில நாட்கள் ஒரே திகதியில் வர, மற்றவை ஏன் இடம் மாறுகின்றன? ஒவ்வொரு போயாவிலும் என்ன நினைவுகூரப்படுகிறது? பெப்ரவரி 4, மே 1 இரண்டையும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது? பாடப்புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும். அதற்கு மேல் சொல்லுங்கள்.

கொட்டகலை கணக்கு வாத்தியார்

முதல் கேள்விக்கு நான் வருகிறேன் டீச்சர். நம் கலண்டர் ஒரே கலண்டர் இல்லை. நாலைந்து கணக்குகளை ஒரு தாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

பொங்கலும் சித்திரை வருஷப் பிறப்பும் சூரியனைப் பார்த்து வருபவை. சூரியன் மகர ராசிக்குள் போகும் நாள் தைப்பொங்கல், மேட ராசிக்குள் போகும் நாள் புத்தாண்டு. அதனால் ஜனவரி 14 அல்லது 15, ஏப்ரல் 13 அல்லது 14 என்று ஒரு நாள் முன்பின்னாக மட்டும் ஆடும். தீபாவளியும் சிவராத்திரியும் சந்திரனைப் பார்த்து வருபவை: ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி ஒன்று, மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி மற்றது. போயாவுக்கு முழுநிலா.

பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும். வருடத்துக்குப் பதினொரு நாள் குறைகிறது. அந்தக் குறை சேர்ந்து சேர்ந்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதின்மூன்றாவது பௌர்ணமி ஒன்று வந்துவிடும். 2023இல் அப்படித்தான் ஆகஸ்ட் 1ஆம் திகதியும் 30ஆம் திகதியும் பௌர்ணமி. சிங்களத்தில் அப்படி மிகுதியாக வரும் மாதத்தை 'அதி' என்று சேர்த்துச் சொல்வார்கள்.

முஸ்லிம்களின் கணக்கில் இந்தச் சரிக்கட்டல் இல்லை. 354 நாளோடு வருடம் முடிந்துவிடும். அதனால்தான் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜும் மீலாத் நபியும் வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகின்றன. பெரிய வெள்ளி இன்னொரு மாதிரி: மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு, அதற்கு முந்திய வெள்ளி பெரிய வெள்ளி. பெப்ரவரி 4, மே 1, நத்தார் மூன்றும் ஆங்கிலத் திகதியோடு கட்டப்பட்டவை, அசையாது.

பிள்ளைகளைக் கொஞ்ச நாள் இரவில் நிலாவைப் பார்த்து வரைந்து வரச் சொல்லுங்கள். மூடுபனி இல்லாத மாதமாகப் பார்த்துச் செய்தால், கலண்டரில் இருக்கும் வட்டம் எதற்கு என்று தானாகவே விளங்கும்.

பதுளைக்காரி

போயாவைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் வீடு இருக்கும் தெருவில் பாதிப்பேர் சிங்களவர்கள். தன்சலில் (இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தலில்) வரிசையில் நின்று சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

ஜனவரியில் வருவது துருத்து போயா. புத்தர் முதல்முறை இலங்கைக்கு வந்த நாள் என்று நம்புகிறார்கள். வந்த இடம் மஹியங்கனை. அது எங்கள் பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது, உங்கள் பிள்ளைகள் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். இரண்டாவது வருகை ஏப்ரலில் வரும் பக் போயா. நாக அரசர் இருவர் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டைக்கு நின்றபோது புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்பது கதை. நடந்த இடம் நயினாதீவு. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது மணிமேகலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மணிபல்லவத்தில் இருந்த புத்த பீடிகையும், அதற்காகச் சண்டையிட்ட நாக அரசர்களும் நம் தமிழ்க் காப்பியத்திலேயே இருக்கிறார்கள். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்பவர்கள் பலர். அதே காப்பியத்தில், இரத்தினத் தீவத்தில் உயர்ந்த மலை உச்சியில் இருக்கும் பாதச்சுவடும் வருகிறது. அது மஸ்கெலியாவுக்கு மேலே நிற்கும் நம்முடைய சிவனொளிபாதமலை. எனக்கு இதைப் பத்தாம் வகுப்புத் தமிழ் டீச்சர் சொன்னார். அன்றிலிருந்து போயா வேறு யாருடையதோ நாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வெசாக் மே மாதம்: புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது மூன்றும் அன்று. ஜூனில் பொசன்: அசோகரின் மகன் மகிந்தர் மிகிந்தலைக்கு வந்து தேவநம்பிய தீசனைச் சந்தித்த நாள். ஜூலையில் எசல, புத்தரின் முதல் உபதேசம். கண்டிப் பெரஹராவின் பெயரும் அதிலிருந்துதான். டிசம்பரில் உந்துவப் போயா: சங்கமித்தை வெள்ளரசு மரக்கிளையைக் கொண்டு வந்த நாள். அவர் வந்து இறங்கிய துறை யாழ்ப்பாணக் கரையில், மாதகலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மற்றவை பெப்ரவரி நவம் (சாரிபுத்தரும் மொகல்லானரும் தலைமைச் சீடர்களான நாள்), செப்டெம்பர் பினர (பிக்குணிச் சங்கம் தொடங்கியது), ஒக்டோபர் வப் (மழைக்கால விரதம் முடிவது) என்று போகும்.

உங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பழக்கமானது உந்துவப் போயாதான். சிவனொளிபாதமலைப் பருவம் அன்றுதான் தொடங்குகிறது, வெசாக்கோடு முடிகிறது. நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் ஹட்டன் டவுனை நிறைத்துவிடும். தேநீர்க்கடை போடுபவர்கள், வேன் ஓட்டுபவர்கள், சாமான் தூக்குபவர்கள் என்று எத்தனையோ பிள்ளைகளின் வீட்டு அடுப்பு அந்த இரண்டு போயாக்களுக்கு நடுவில்தான் நன்றாக எரிகிறது. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

கொழும்பு கடைத் தம்பி

டீச்சர், நான் நோர்வூட். இப்போது புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. கலண்டரில் சிவப்பாக இருந்தால் எல்லோருக்கும் லீவு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை இருக்கிறது. கலண்டரின் அடியில் சின்ன எழுத்தில் அடையாளம் போட்டிருப்பார்கள். தைப்பொங்கல் மூன்றிலும் இருக்கிறது. தீபாவளி அரசுக்கும் வங்கிக்கும் மட்டும், வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்லை. அதனால் எங்களைப் போன்றவர்கள் தீபாவளிக்கு முதலாளியிடம் சொந்த லீவு கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஊர் வர வேண்டும். எங்கள் முதலாளி நல்ல மனுஷன், கொடுத்துவிடுவார். பக்கத்துக் கடையில் இருக்கும் பசறைப் பையனுக்குப் போன வருடம் கிடைக்கவில்லை. இரவு முழுக்க வீட்டோடு போனில் பேசிக்கொண்டே இருந்தான்.

உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் நாளைக்கு இங்கேதான் வந்து நிற்கப் போகிறார்கள். அந்தச் சின்ன எழுத்தை இப்போதே வாசிக்கப் பழக்கிவிடுங்கள்.

பழைய கிளாக்கர், பொகவந்தலாவை

டீச்சரம்மா, உங்கள் கேள்வியைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். தோட்டத்து ஒப்பீசில் செக்ரோல் (வரவும் சம்பளமும் பதியும் புத்தகம்) எழுதியே தலை நரைத்தவன் நான். எந்த நாளுக்குப் பேர் (ஒரு நாள் சம்பளம்) உண்டு, எந்த நாளுக்கு இல்லை, எந்த நாளுக்கு ஒன்றரை என்று கை தானாக எழுதும். ஞாயிறும் போயாவும் வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை நாள் சம்பளம். அதற்காகவே போயா அன்று கொழுந்துக்குப் போகக் காத்திருக்கும் தாய்மார் உண்டு. பிள்ளைகளின் 'லயத்தில் என்ன நடக்கும்' என்ற பகுதிக்கு இது முக்கியம். நாட்கூலிக்காரருக்கு லீவு என்றால் சம்பளத்தையும் சேர்த்துத்தான் யோசனை வரும்.

நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது 'எப்போதிருந்து' என்ற சொல். அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் புனிதமாக இருப்பது வேறு, அந்த நாளில் கச்சேரியும் (அரச அலுவலகம்) பாடசாலையும் பூட்டுவது வேறு. முதலாவதை நம்பிக்கை செய்யும். இரண்டாவதை யாராவது போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

வெசாக்கையே எடுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் முதலில் அது விடுமுறை இல்லை. 1883இல் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கர்களுக்கும் கலவரம் நடந்தது. நியாயம் கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் கூடி, பௌத்தர்களோடு நின்ற அமெரிக்கரான கர்னல் ஒல்கொட்டை 1884இல் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்த கோரிக்கைகளில் ஒன்று வெசாக் விடுமுறை. அடுத்த வருடம், 1885 ஏப்ரல் 28, முதல் வெசாக் விடுமுறை. பௌத்தக் கொடியும் அன்றுதான் முதன்முதலாக ஏற்றப்பட்டது. நம் பிள்ளைகள் வெசாக் கூடு பார்க்க டவுனுக்குப் போகிறார்களே, அதன் பின்னால் ஒரு மனுவும் ஒரு கப்பல் பயணமும் இருக்கிறது.

போயா ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கியிருந்த காலமும் உண்டு. டட்லி சேனாநாயக்க அரசாங்கம் 1966இல் சனி, ஞாயிறு ஓய்வை எடுத்துவிட்டு, நிலாவின் நான்கு கட்டங்களையும் வாராந்த விடுமுறையாக்கியது. போயாவும் அதற்கு முதல் நாளும் ஓய்வு. நான் அப்போது சின்ன வகுப்பு. ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்குச் சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு நாள். இன்று பாடசாலை இருக்கிறதா இல்லையா என்று அம்மா பக்கத்து லயத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்பார். வேதக்காரப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் பூசைக்குப் போவதா, பள்ளிக்கு வருவதா என்று தவித்தார்கள். வெளிநாட்டோடு வியாபாரம் செய்தவர்களுக்கும் பெரிய சிக்கல். 1971இல் சிறிமாவோ அரசாங்கம் சனி ஞாயிறைத் திருப்பிக் கொண்டு வந்தது. முழுநிலாப் போயாவை மட்டும் விடுமுறையாக வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் காணும் பன்னிரண்டு போயாவும் அந்த 1971ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தில் நிற்பவை.

மே தினம். 1886 மே 1, எட்டு மணிநேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். சிக்காகோவில் உயிர்கள் போயின. நான்கு வருடம் கழித்து உலகமெல்லாம் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கியது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியது 1923. இலங்கையில் அது அரச விடுமுறையானது 1956இல்தான், பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்த வருடம். விடுமுறை வருவதற்கு முன்பும் மே தினம் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சம்பளத்தை விட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள். 2018இல் வெசாக் வாரத்தோடு மோதுகிறது என்று அரசாங்கம் மே தின விடுமுறையை 7ஆம் திகதிக்குத் தள்ளியது. அது எனக்கு இன்றுவரை வலிக்கிறது. சிக்காகோக்காரர் உயிர் கொடுத்த நாளை வசதிக்கு ஏற்ப நகர்த்த முடியும் என்றால், இருப்பவற்றில் இளைத்தது தொழிலாளியின் நாள் என்று ஆகிவிடுகிறது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. அவளுடைய அப்பாயி சொன்னது சரி. 1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதே வருடம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், நடைமுறைக்கு வந்தது நவம்பர் 15. தகப்பன் இலங்கையில் பிறந்தான், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது சட்டம். லயத்துக் காம்பிராவில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புப் பத்திரம்? அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பது. எங்கள் சித்தப்பா குடும்பம் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்கு நின்றது. நாடற்றவர் என்ற நிலையை முடித்து வைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான். சுதந்திரத்திலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து வருடம்.

அவளை இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் பெப்ரவரி 4, எதிர்ப்பக்கத்தில் நவம்பர் 15. கொடியேற்றத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. அப்பாயி சொன்னதை வாசித்துக் காட்டுவதற்கும் அதே உரிமை உண்டு.

கலண்டரில் இல்லாத ஒரு நாளையும் சேர்த்துக் கொடுங்கள்: ஜனவரி 10. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, 1940இல் அந்த நாளில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். மலையகத் தியாகிகள் தினம் என்று சங்கக்காரர்களும் எழுத்தாளர்களும் நினைவுகூருகிறார்கள். அதைப் போல 1977 மே 11, டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர் சிவனு லட்சுமணன். தோட்டத்துக் காணியைப் பிரித்து எடுப்பதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர். தலவாக்கலைப் பாதையில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. அந்தப் பெயரைக் கேட்காத பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள்.

பதுளைக்காரி

கிளாக்கர் ஐயா சொன்னதோடு இன்னொன்று. கலண்டரில் இல்லாவிட்டாலும் தோட்டமே கண்விழிக்கும் நாட்கள் நமக்கு இருக்கின்றன. மாசியில் காமன் கம்பம் நட்டுக் கூத்து ஆடி, காமன் எரியும் இரவில் பிள்ளைகள் யாரும் தூங்குவதில்லை. மாரியம்மன் திருவிழா நாள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. இவற்றையும் ஒரு பட்டியலாகப் பிள்ளைகள் எடுத்தால் நல்லது.

ஹட்டன் டீச்சர்

கிளாக்கர் ஐயா, பதுளை அக்கா, வாத்தியார், தம்பி எல்லோருக்கும் மனசார நன்றி. இன்று இடைவேளையில் முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன்.

இப்படிச் செய்யப் போகிறேன். கலண்டர் கணக்கை நம் கணித ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடவேளை. துருத்துவும் பக்கும் எடுத்த பிள்ளைகளுக்கு மணிமேகலைப் பகுதியைத் தமிழ் டீச்சர் வாசித்துக் காட்டச் சம்மதித்துவிட்டார். பெப்ரவரி 4 பிள்ளையிடம் ஐயா சொன்ன மாதிரியே இரண்டு பக்கமும் எழுதச் சொன்னேன். "அப்பாயி பேசறத அப்படியே எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. ஜனவரி 10ஐக் காலைக் கூட்டத்தில் பேசினால் யாராவது ஆட்சேபம் சொல்வார்களா என்று சக ஆசிரியர் ஒருவர் பயப்படுகிறார். வேலைநிறுத்தம், பொலிஸ் என்றெல்லாம் வருகிறதே என்கிறார்.

பழைய கிளாக்கர், பொகவந்தலாவை

மகள், முல்லோயாச் சம்பவத்துக்கு அந்தக் காலத்திலேயே அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது. அரசாங்கமே விசாரித்து எழுதி வைத்த சரித்திரம் அது, ஒளித்துப் பேச வேண்டியது இல்லை. திகதி, இடம், பெயர், என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் ஒரு பிள்ளை நிதானமாக வாசிக்கட்டும். 2023இல் நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம், 'மலையகம் இருநூறு' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் பாதிரிமாரும் சிங்கள, முஸ்லிம் நண்பர்களும் நம்மோடு நடந்தார்கள். அந்தச் சக ஆசிரியரிடம் அதைச் சொல்லுங்கள்.

அதிபரிடம் முதலே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால்தான் பிரச்சினை வரும்.

ஹட்டன் டீச்சர்

சரி ஐயா, நாளைக்கே அதிபரிடம் பேசுகிறேன். முல்லோயா, ஹேவாஹெட்டைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் எழுதுங்கள்: அந்த இடத்தில் நினைவுக்கல் ஏதாவது இப்போது இருக்கிறதா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் தோட்டத்துக்குள் விடுவார்களா? அடுத்த தவணையில் மஹியங்கனைக்கு ஒரு பஸ் பேசுவதாக இருக்கிறோம். ஹேவாஹெட்டைக்கும் இன்னொரு நாள் ஒதுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.